டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்

2025 செப்டம்பர் 14, ஞாயிறு

காடாம்புலியூர் முந்திரிக்காட்டில் இன்று மூன்றாவது நாள் ஷூட்டிங். எடுக்க நினைத்தது பதினேழு ஷாட். எடுத்தது நாலு.

குதிரைதான் காரணம். கடலூர் சில்வர் பீச்சில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நூறடி போய் நூறடி திரும்பி வரும் குதிரை. இங்கேயும் நூறடி ஓடியதும் தானாகத் திரும்பி நின்றுவிடுகிறது. கௌபாய் படம் எடுக்கிறோம் என்று அதனிடம் யார் சொல்வது. கேமராமேன் அன்பரசு, "அக்கா, நூறடிக்கு நூறடி கட் பண்ணிக்கலாம்" என்கிறான். என்னோடு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். என் படத்தில் வந்து மாட்டிக்கொண்டான், பாவம்.

காட்டுக்காரர் கதை கேட்டார். சொன்னேன். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் இங்கிலீஷ் கும்பினிப் பட்டாளத்தில், ஒருத்தன் பிரெஞ்சுப் பட்டாளத்தில். கடலூரில் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டவர்கள். சண்டை முடிந்ததும் ரெண்டு பேருக்குமே சோறில்லை. செத்துப்போன துரை ஒருவன் முந்திரிக்காட்டில் தங்கப் பெட்டி புதைத்த இடம் பாதி இவனுக்குத் தெரியும், பாதி அவனுக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் சேர்ந்து தேடுகிறார்கள்.

"கடைசில தங்கம் கெடைக்குதா?"

"பெட்டி காலிங்க."

"அப்ப எதுக்கும்மா இந்த வெயில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏழு வருஷம் சென்னையில் உதவி இயக்குநராக இருந்தேன். இவ்வளவு நறுக்கென்று யாரும் கதை விவாதம் பண்ணியதில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

முதுகெல்லாம் செம்மண். கல்யாண ஆல்பம் வாங்க வந்தவர்கள் வீடு கட்டுகிறீர்களா என்று கேட்டார்கள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

என் ரெண்டு சிப்பாய்களும் பேசிக்கொள்வதில்லை. படத்தில் இல்லை, நிஜத்தில்.

கும்பினிச் சிப்பாய் என் அப்பா, திருநாவுக்கரசு. கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டர். பிரெஞ்சுச் சிப்பாய் சார்லஸ் மாமா, அம்மாவின் தம்பி. சிதம்பரத்தில் டூவீலர் மெக்கானிக், இயேசுவின் சிலுவைப்பாட்டைக் காட்டும் பாஸ்கா நாடகத்தில் இருபது வருஷமாக பிலாத்து வேஷம். ரெண்டு பேருக்கும் சம்பளம் கிடையாது. வேறு நடிகர் வைக்க எனக்கு வக்கில்லை.

அம்மா, ஆரோக்கியம்மாள், 2004இல் செத்துப்போனாள். எனக்குப் பதினோரு வயது. அடக்கம் முடிந்து எட்டாம் நாள் பீரோவைத் திறந்தால் அவள் செயினும் வளையலும் இல்லை. அந்த எட்டு நாளும் வீட்டில் கூடமாட இருந்தவர் மாமா. அப்பா போலீஸ் ஸ்டேஷனில் மாமா பேரை எழுதிக் கொடுத்துவிட்டார். மாமாவை ரெண்டு நாள் உட்கார வைத்தார்கள். அவருக்கு அடுத்த மாதம் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். மாமா அப்புறம் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. ஆறேழு மாதம் கழித்து அப்பா புகாரைத் திரும்ப வாங்கினார். ஏன் வாங்கினார் என்று யாருக்கும் சொல்லவில்லை. நகையும் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் அப்பா டூட்டி பார்க்கும் பஸ் வந்தால் மாமா ஏறமாட்டார், அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்.

என்னிடம் மட்டும் ரெண்டு பேரும் பேசுவார்கள். நான் கேட்டேன் என்று ரெண்டு பேரும் வந்தார்கள்.

அப்பா: "அவன் கூட நிக்க மாட்டேன். என் ஷாட்ட தனியா எடு."

மாமா: "உனுக்கோசரம் வந்தேன் சிந்து. அவரு மூஞ்சப் பாக்க வரல."

எனவே மாமாவின் தலைப்பாகையை ஒரு துடைப்பத்தில் மாட்டி நட்டு வைத்தேன். அப்பா அந்தத் துடைப்பத்தைப் பார்த்துப் பேசுகிறார். மாமா ஒரு முந்திரி மரத்தைப் பார்த்துப் பேசுகிறார். எடிட்டிங்கில் ஒட்டினால் ரெண்டு பேரும் பேசிக்கொள்வது போல இருக்கும். சினிமா இல்லையா.

இன்று வேறு ஒரு சங்கடம். அப்பாவுக்கு வசனம் மனசில் நிற்கவே இல்லை. ஆறு டேக். ஏழாவதில் நானே சொன்னேன், "ப்பா, உங்களுக்கு வாயில வர்றத சொல்லுங்க. உதடு அசஞ்சா போதும், டப்பிங்ல பாத்துக்கலாம்."

அவர் துடைப்பத்தை முறைத்தார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது. அடிக்குரலில், "ஆலப்பாக்கம். பெரியப்பட்டு. புதுச்சத்திரம். முட்லூர்" என்றார்.

அன்பரசு கேமராவை விட்டுவிட்டுச் சிரித்தான். ஆனால் அந்த முகம். பஸ் ஸ்டாப் பெயரைச் சொல்லி இப்படி ஒரு துயரத்தைக் காட்ட யாரால் முடியும். இனி எல்லா ஷாட்டும் இப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டேன். என் மூளைக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

கடைசிக் காட்சி. பெட்டியைத் தோண்டித் திறக்கிறார்கள், காலி. ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேமில் நிற்க வேண்டும், இதற்குத் துடைப்பம் ஆகாது. காலையிலிருந்து ரெண்டு பேரிடமும் மாறி மாறிக் கெஞ்சினேன். கடைசியில் நான் அழ ஆரம்பித்ததும் வந்து நின்றார்கள்.

ஆக்‌ஷன் சொல்கிறவரை ஒருவர் கிழக்கே, ஒருவர் மேற்கே. சொன்னதும் திரும்பினார்கள். மாமா வசனத்தைச் சரியாகச் சொன்னார்: "பெட்டி காலி. நான் எடுத்தேன்னுதான நெனைக்கிற?" அப்பா சொல்ல வேண்டியது, "போவட்டும் விடு. இருட்டறதுக்குள்ள ஊரு போய்ச் சேருவோம்." அவர் சொன்னது ஆலப்பாக்கமும் பெரியப்பட்டும். பிறகு மாமா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கட் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கட் சொன்னதும் அப்பாவுக்கு இருமல், விடாமல். மாமா என் பக்கம் திரும்பி, "சிந்து, அவருக்குத் தண்ணி குடு" என்றார். அப்புறம் வேனில் ஏறும்போது, "அவரு தொண்ட ஒரு மாதிரி கரகரன்னு இருக்குது. எங்கனா காட்டச் சொல்லு" என்றார்.

"செம்மண் தூசி மாமா" என்றேன் நான்.

அக்டோபர் 22, புதன்

மழை. தப்பித்தோம், ஷூட்டிங் முடிந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

எடிட்டிங். துடைப்பமும் மரமும் போய்விட்டன. அப்பாவும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் சிரிக்கிறார்கள். இருபத்தோரு வருஷத்தில் நடக்காததை ஒரு லேப்டாப்பில் நடத்திவிட்டேன் என்று கொஞ்சம் தலைக்கனமாகவே இருந்தது.

அப்பா பின்னால் நின்று பார்த்தார். "என் கொரலு வந்ததும் பாரு" என்றார். அதைச் சொன்ன குரலே பாதிதான் வந்தது. சளி என்றார். பால், மிளகு, மாத்திரை. நானும் சளி என்றே நினைத்துக்கொண்டேன்.

2026 ஜனவரி 18, ஞாயிறு

தை பிறந்துவிட்டது, கல்யாண வேலை குவிகிறது. கண்ணாயிரம் சார் மஞ்சக்குப்பத்தில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பக்திப் பாட்டும் கட்சி விளம்பரமும் பதிவு செய்கிற இடம். டப்பிங்குக்கு இந்த வாரம் தேதி கொடுத்திருந்தார். மாசிக்குத் தள்ளச் சொல்லிவிட்டேன். அப்பாவும் தொண்டை தெளியட்டும் என்றார்.

பிப்ரவரி 9, திங்கள்

புதுச்சேரியில் டாக்டர் ஸ்கேன் படம் போட்டுக் காட்டினார். குரல்வளையில் கட்டி. நாள் ஆகிவிட்டது என்றார். குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார்.

"அப்ப பேச்சு?" என்று கேட்டேன்.

"பேச்சு வராதும்மா. கழுத்துல வெச்சிப் பேசற மெஷின் இருக்கு. ஆனா சொந்தக் கொரல் வராது."

நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா? கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்று பயம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் பையன் ஸ்டாப் பெயரைச் சரியாகச் சொல்லாமல் விசில் மட்டும் அடித்துக்கொண்டு வந்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வார்.

பிப்ரவரி 11, புதன்

காலையில் அப்பாவே சட்டை போட்டுக்கொண்டு நின்றார். "ஸ்டூடியோ" என்றார். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

கண்ணாயிரம் சார் வேறு வேலையைத் தள்ளி வைத்தார். அப்பா மைக் முன்னால் நின்று, என் கையெழுத்தில் இருந்த வசனத்தைத் தடவிப் பார்த்து ஆரம்பித்தார். ஹெட்போனில் காற்று வந்தது. "இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க சார்." வந்தார். காற்று. "வயித்துலேருந்து குடுங்க சார்." கழுத்து நரம்பு புடைக்கக் கொடுத்தார். காற்றோடு ஒரு விசில் சத்தம்.

மூணு மணி நேரம். ஒரு வரி தேறவில்லை. எங்க அப்பா, மூணு பஸ்ஸுக்கு அப்பால நிக்கற ஆளுக்கு இங்கேருந்து டிக்கெட் கேக்கற அப்பா. நான் என்ன பண்ணுவேன். அவர் தொண்டையைப் பிடித்து உலுக்கவா.

அவர் ஹெட்போனை மெதுவாகக் கழற்றி, வயரைச் சுற்றி வைத்துவிட்டு வந்தார். கண்ணாயிரம் சார் காசு வேண்டாம் என்றார். அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

காலை ஆறு மணிக்கு மூச்சு முட்டிவிட்டது. ஆம்புலன்ஸ். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். டப்பிங் தேதி எல்லாம் இனி இல்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஆபரேஷன் ஆகிவிட்டது. நன்றாக முடிந்தது என்கிறார்கள். அவர்கள் நன்றாக என்று எதைச் சொல்கிறார்கள் என்று தெரிகிறது. நான் தலையாட்டினேன்.

மாமா வந்தார். வார்டு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. என் கையில் சாத்துக்குடிப் பையைக் கொடுத்தார். "அவருக்குன்னு இல்ல. நீ தின்னு."

மார்ச் 10, செவ்வாய்

அன்பரசு சொன்னான், "அக்கா, ஏ.ஐ. இருக்கு. அப்பா பேசுனது கொஞ்சம் இருந்தா போதும். அவரு கொரல்ல அதுவே பேசும்." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஷூட்டிங்கில் எடுத்த சத்தத்தை எல்லாம் கொடுத்தோம்.

கொடுத்தது என்ன? ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, பின்னால் ஜெனரேட்டர். அதைத்தான் அது படித்துக்கொண்டது. குரல் என்னவோ அவருடையதுதான். ஆனால், "துரை பெட்டிய எங்க பொதச்சான்" என்ற வரியை, ஆள் ஏற்றுவது போல இழுத்துக் கூவுகிறது. சாவுக் காட்சியிலும் கூவுகிறது. மாற்றி மாற்றிப் போட்டான். ஒரு தடவை செய்தி வாசிக்கிறவர் போல வந்தது. ஒரு தடவை யாரோ போல.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினோம். கேட்டார். கை நீட்டி போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

ஒரு வரி, ஒரே ஒரு வரி நான் ஒழுங்காக எடுத்து வைத்திருக்கலாம். வீட்டில் எத்தனை நாள் கத்தினார், பாடினார், என்னைத் திட்டினார். ஊரான் வீட்டுக் கல்யாணத்தை எல்லாம் மணிக்கணக்கில் பதிவு பண்ணி வைத்திருக்கிற சிறுக்கி நான்.

மார்ச் 22, ஞாயிறு

மாமா தன் பாகத்துக்கு டப்பிங் பேச வந்தார். பிசிறு இல்லை, ஒன்றரை நாள் வேலையை மதியத்துக்குள் முடித்தார். டீ குடிக்கும்போது, "அவரு பாகத்துக்கு என்ன பண்ணப் போற?" என்றார்.

"தெரியல மாமா. மெட்ராஸ்லேருந்து ஆள் வரவழைக்க முடியாது. படத்த அப்பிடியே வச்சிடப் போறேன்."

கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போனார். "ஒரு வரி போடு" என்றார்.

திரையில் அப்பா. உதடு அசைகிறது. என் காதில் அப்பா பேசினார்.

அப்பாவேதான். அந்த அடித்தொண்டை, வரி முடிவில் மூக்கில் லேசாக ஏறுகிற அந்தத் திமிர். கண்ணாயிரம் சார் மிக்ஸரிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பாத்ரூமுக்கு ஓடிவிட்டேன்.

வந்து கேட்டேன், எப்படி மாமா என்று.

"ஒங்கம்மா இருந்தப்ப வீட்டுக்கு வந்தா இதான் எனக்கு வேல. அவரு டூட்டிக்குப் போனதும் அவரு மாதிரி பேசுவேன். ஆரோக்கியம் டிக்கெட் எடுத்தியான்னு கேப்பேன். வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிக்கும்." ஹெட்போனைக் கழற்றி வைத்துக்கொண்டே, "அது செத்தப்பறம் பேசல" என்றார்.

மூணு ஞாயிறு வந்து முழுசாக முடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்காக, அவருக்காக இல்லை என்று மறுபடி சொன்னார். சரி மாமா, யாருக்காக இருந்தால் என்ன.

மார்ச் 30, திங்கள்

முதல் ஞாயிறு முடிந்துவிட்டது. பேசிய வரைக்கும் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். மறைக்க நினைத்தேன், முடியவில்லை. கேட்டவுடனே தெரிந்துவிட்டது அவருக்கு. நோட்டில் எழுதினார்: சார்லஸா?

ஆமாம் என்றேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். திரும்பப் போடச் சொன்னார். நாலு தடவை கேட்டார். பிறகு கடைசிக் காட்சியை மட்டும் சத்தமில்லாமல் தன் போனில் ஏற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 4, சனி

அஞ்சு நாளாக அதையே பார்க்கிறார். பெட்டி திறக்கிறது, மாமா கேட்கிறார், அப்பா உதடு அசைக்கிறார். நிறுத்தி, பின்னால் தள்ளி, உதடு எத்தனை தடவை அசைகிறது என்று எண்ணி எண்ணிப் பார்க்கிறார். இன்று மத்தியானம் என் வசனத் தாளைக் கேட்டார். கடைசிக் காட்சியில் தன் வரியை அடித்துவிட்டு அதன் மேல் எழுதினார்:

நீ எடுக்கல மச்சான். எனக்கு அப்பவே தெரியும்.

படத்தில் ரெண்டு பேரும் உறவே கிடையாது. மச்சான் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

"என்னப்பா இது" என்றேன். நோட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார், பக்கம் நிறைய. அம்மா செத்த ஆறாம் மாதம் அவள் துணிப்பெட்டி அடியில் அடகுச் சீட்டு கிடைத்ததாம். அவளே ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருக்கிறாள், இவருக்குத் தெரியாமல். நாள் கடந்து நகை ஏலத்தில் போயிருந்தது. அதனால்தான் புகாரைத் திரும்ப வாங்கினார்.

ஏன் சொல்லல? இருபத்தோரு வருஷம் ஏன் சொல்லல? கத்திவிட்டேன். அவர் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: வெட்கம்.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை எழுத முடியாது. வாய் இருந்த காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, இப்போது தான் சொல்ல வேண்டியதை அந்த மனுஷனையே சொல்ல வைக்கிறார். "நேரா எழுதிக் குடுங்களேன் மாமாகிட்ட" என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். தாளை மட்டும் என் பையில் வைத்தார். அப்புறம் உட்கார்ந்து அழுதார். சத்தம் இல்லாமல் அழுகிறவரை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. குழாயில் காற்று மட்டும் அடைத்து அடைத்து வருகிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

கடைசி நாள் டப்பிங். மாமா நல்ல குஷியில் இருந்தார். பாஸ்காவில் பிலாத்து கை கழுவ இந்த வருஷம் தண்ணி வைக்க மறந்துவிட்டார்களாம், வெறும் சொம்பில் கழுவினாராம். அப்பா குரலில் எல்லாக் காட்சியையும் முடித்தார். கடைசித் தாளைக் கொடுத்தேன். முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தைரியம் இல்லை.

படித்தார். மைக்கை விட்டு நகர்ந்தார். "இது நீ எழுதுனதா?"

இல்லை என்றேன். சீட்டு விஷயம் எல்லாவற்றையும் சொன்னேன்.

தாளை மறுபடி ஒரு தடவை படித்தார். "நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா சிந்து. அவருக்குத் தெரியும்ங்கறதுதான் எனக்குத் தெரியாது."

"எழுதியாவது குடுக்கச் சொல்றேன் மாமா."

"அவரு எழுத்த ஒரு வாட்டி பாத்துட்டேன். ஸ்டேஷன்ல வச்சிப் படிச்சிக் காட்டுனாங்க. அவரு வாயால சொல்லியிருந்தா கேட்டுக்குவேன். என் வாயால எனக்கே சொல்லிக்கிட்டா அது எப்பிடிம்மா?"

அப்ப பழைய வரியையே வைத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குத்தான் கோபம் வந்தது. "போவட்டும் விடுன்னு சொல்ல அவரு யாரு? அதையும் சொல்ல மாட்டேன்."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். நான் வண்டியில் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

ஏப்ரல் 13, திங்கள்

அப்பா கண்ணாலேயே கேட்டார். மாமா அதப் பேசலப்பா என்றேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மாமா போன் எடுக்கவில்லை. அன்பரசு கம்ப்யூட்டர் குரலைப் போட்டுவிடலாம் என்கிறான். அப்பா வேறு வரி கூடாது என்கிறார். எழுதினால் எழுதினதுதான். ஒருத்தர் சொல்ல முடியாது, ஒருத்தர் சொல்ல மாட்டார், நடுவில் நான் ஒரு டைரக்டர்.

அப்பாவின் அந்த ஒரு வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டேன். காற்றுச் சத்தம், பறவைச் சத்தம் எதுவும் இல்லை. பதினோரு செகண்ட் அப்பா உதட்டை அசைக்கிறார். படம் முடிந்துவிட்டது என்று இங்கே எழுதிக்கொள்கிறேன், வேறு யாரிடம் சொல்வது.

மே 17, ஞாயிறு

சிதம்பரத்தில் ஒரு சின்ன கல்யாண மண்டபம், மூணு மணிக் காட்சி. எழுபது எண்பது பேர் வந்தார்கள், பாதி டிப்போ ஆட்கள், பாதி மாமாவின் கோயில்தெரு ஆட்கள். அப்பா முன்வரிசையில், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு. மாமாவுக்குச் செய்தி மட்டும் அனுப்பியிருந்தேன். விளக்கை அணைத்த பிறகு வந்து கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். எண்ணெய்க் கறையோடு, கடையிலிருந்து நேராக.

குதிரை திரும்பி நின்றபோது சிரித்தார்கள். அப்பா பேசும்போதெல்லாம் டிப்போக்காரர்கள் விசில் அடித்தார்கள். அவருக்கு என்ன ஆனது என்று தெரிந்தவர்கள்தான். நோய்க்கு முன்னாடியே அவர் பேசிப் பதிந்து வைத்தது என்று நினைத்திருப்பார்கள்.

பெட்டி திறந்தது. மாமா கேட்டார், "பெட்டி காலி. நான் எடுத்தேன்னுதான நெனைக்கிற?" அப்பா உதடு அசைந்தது. மண்டபத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

மூணு செகண்ட் பொறுத்தார்கள். அப்புறம் ஆரம்பித்துவிட்டார்கள். "சவுண்டு." "யோவ், சவுண்டு வரலய்யா." நாலு பேர் நாற்காலியைத் தட்டினார்கள். கண்ணாயிரம் சார் வயரைப் பார்க்க எழுந்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன். அப்பாவின் பின்னந்தலை அசையவில்லை. அவர் தன் உதட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

கடைசி வரிசையில் மாமா எழுந்து நின்றார்.

"சவுண்டு இருக்குது" என்றார். "கம்முனு பாருங்கய்யா."

அவருடைய சொந்தக் குரல். மண்டபம் அடங்கிவிட்டது. மிச்ச செகண்டுகள் ஓடின. அவர் நின்றபடியே பார்த்து முடித்துவிட்டு, விளக்கு போடுவதற்குள் வெளியே போய்விட்டார்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நோட்டை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று தள்ளி வைத்தார்.